அழகியின் மிஸ்டு கால்

காரைக்குடியைச் சுற்றியுள்ள மில்களில் முத்துக்கண்ணன் என்று பேர் சொன்னால் யாருக்கும் தெரியாது. 'பொட்டிக்காரர்' என்றால் வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிடுவார். ஒரு செங்கல்லை விடக் கொஞ்சம் பெரிய, விசிறிகூட இல்லாத இரும்புக் கம்ப்யூட்டர் அந்தப் பெட்டி. எட்ஜ் கம்ப்யூட்டர் என்பார்கள். அதை மில்லின் மின்பலகைக்குள் திருகி மாட்டி, மோட்டாரின் சூடும் மீட்டரின் ஓட்டமும் அதற்குள் போகிற மாதிரி வயர் கொடுத்து, அங்கிருந்து எல்லாம் கிளவுடுக்குப் போய்ச் சேரும்படி செய்வதுதான் அவன் வேலை. கிளவுடு என்றால் மேகம் என்று அர்த்தம் சொன்னவர்கள், அந்த மேகம் எந்த ஊரில் நிற்கிறது என்று மட்டும் அவனுக்குச் சொன்னதில்லை. அவனும் கேட்டதில்லை. தகவல் போனால் சரி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

மாட்டிவிட்டு வந்த பெட்டி உயிரோடு இருக்கிறதா என்று கிளவுடுக்குத் தெரிய வேண்டுமல்லவா? அதற்காகப் பெட்டி அவ்வப்போது 'இருக்கிறேன்' என்று ஒரு துளித் தகவல் அனுப்பும். அதற்கு ஹார்ட் பீட் என்று பேர். அது நின்றுபோனால்தான் கோயம்புத்தூர் ஆபீசில் மணி அடிக்கும். வந்துகொண்டே இருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். வேலையில் சேர்ந்த புதிதில் இதை விளக்க வந்தவரிடம், "புரியுது சார், எங்க வீட்டுல இது ரொம்ப நாளா நடக்குது" என்றான் முத்துக்கண்ணன்.

நடந்துகொண்டுதான் இருந்தது. அவனுடைய அக்கா அழகி கொத்தமங்கலத்தில் ஒரு பெரிய வீட்டுக்குக் காவல். வீட்டுக்காரக் குடும்பம் சென்னையோடு போய்விட்டது. தெருவை அடைத்துக்கொண்டு நிற்கிற அந்த வீட்டில், பின்கட்டு அறை ஒன்றில் இவள் ஒருத்தி. காலையில் கூட்டுவாள், சாயங்காலம் விளக்குப் போடுவாள். அக்கம்பக்கம் என்று சொல்லிக்கொள்ள இரண்டு புறமும் இதே மாதிரி பூட்டின வீடுகள்தான். கட்டிக்கொடுத்த இடத்தில் வாழாமல் திரும்பி வந்த பிறகு, அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்து இறந்துபோன வீட்டில் தம்பிக்குச் சோறு பொங்கி, ஐடிஐக்குப் பஸ் ஏற்றிவிட்டு வளர்த்தவள் அவள். அவனுக்கும் சத்தியப்பிரியாவுக்கும் நடந்த கல்யாணத்தில் தாயார் இடத்தில் மணையில் உட்காரச் சொன்னதற்கு, கூச்சப்பட்டுக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

அவளுக்குச் சர்க்கரை. மத்தியானம் ஊசி போட்டுக்கொண்டு, உடனே சாப்பிட்டாக வேண்டும்.

"ஏக்கா, ஒத்தையில எதுக்குக் கெடக்குற? எங்கூட வந்து இரு. சத்தியப்பிரியாவும் கூப்புட்டுக்கிட்டேதான் இருக்கா."

"நான் வந்துட்டா இந்த வீட்டுக்கு யாருடா வெளக்குப் போடுறது? வீட்டுக்கார ஆச்சி வந்து கேட்டாகன்னா நீயா பதில் சொல்லுவ?"

அதற்கு மேல் அவளிடம் பேச முடியாது. ஒரு பட்டன் போன் வாங்கிக் கொடுத்தான். எழுத்துக் கூட்டிப் படிக்க வராது என்பதால், ஒன்றாம் நம்பரை அமுக்கிப் பிடித்தால் தம்பிக்குப் போகிற மாதிரி வைத்தான். இரண்டில் சத்தியப்பிரியா நம்பரை வைத்துப் பார்த்தான். அவளுக்குக் குழம்பியது, எடுத்துவிட்டான். பிறகு அவளே ஒரு ஏற்பாடு செய்தாள். ஊசி போட்டுச் சாப்பிட்டு முடித்ததும் ஒரே ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணுவாள். மிஸ்டு கால் வந்தால் அக்கா சாப்பிட்டாச்சு.

"எடுத்துக்கிடுத்துத் தொலைச்சுறாத. நீ பாட்டுக்கு வேலையப் பாரு" என்பாள்.

ஒரு நாள்கூட அது தவறியதில்லை. மில்லில் என்ன அவசரத்தில் இருந்தாலும், மத்தியானம் சட்டைப் பையில் ஒரு துடிப்பு வந்து அடங்கும். அவன் போனை எடுத்துப் பார்க்கக்கூட மாட்டான். அப்புறம்தான் அவனுக்கும் பசிக்கும்.

அன்றைக்குக் கொத்தமங்கலம் ரோட்டில் இருந்த ஒரு நூல் மில்லில் வேலை. மேனேஜர் சரவணகுமார் நல்ல மனுஷன்தான், ஆனால் அன்றைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. முதலாளி சென்னையில் இருந்தபடியே மத்தியானத்துக்குள் மில்லைத் தன் போனில் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

"என்ன பொட்டிக்காரரே, முடிஞ்சுருமா? முதலாளி கேட்டுக்கிட்டே இருக்காக."

"முடிஞ்சுரும்ணே. அங்குட்டுப் போயி ஒரு டீ குடிச்சுட்டு வாங்க, ஓடிக்கிட்டு இருக்கும்."

வயர் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. மீட்டர் பேசியது, கம்ப்ரசர் பேசியது. பெட்டியின் கடிகாரம் பழைய வருஷத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. நேரம் தப்பாக இருந்தால் கிளவுடு உள்ளே சேர்க்காது என்பதால் அதையும் திருத்தினான். கடைசியில் கழுத்தறுத்தது சிம் கார்டு. கம்பெனி அனுப்பிய சிம் இன்னும் உயிர் பெறவில்லை. மில்லின் இணையத்தைத் தரக் கூடாது என்று அவர்கள் தலைமை ஆபீசில் உத்தரவு. மேனேஜர் போனில் இருந்த சிம்முக்கு அந்தக் கட்டடத்துக்குள் டவரே கிடையாது.

முத்துக்கண்ணன் தன் போனைப் பார்த்தான். முழுசாக டவர் இருந்தது. கொஞ்ச நேரம்தானே என்று தன் சிம்மைக் கழற்றினான். கழற்றும்போது அக்கா ஞாபகம் வராமல் இல்லை. ஆனால் அவள் பேசவா போகிறாள்? ஒரு ரிங் விடப்போகிறாள். அது பெட்டிக்கு வந்தால் லேப்டாப் திரையில் RING என்று ஒரு வரி எழுதும். பார்த்துக்கொள்ளலாம். தன் புத்திசாலித்தனத்தை மெச்சிக்கொண்டே சிம்மைப் பெட்டிக்குள் தள்ளினான். இப்போது நினைத்தால் அந்த மெச்சல்தான் அவனுக்குத் தாங்கவில்லை.

சத்தியப்பிரியா ஜவுளிக்கடை வேலைக்குப் போகும்போது வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்த ஒரு பழைய லேப்டாப்பை அவன் எடுத்துவந்து பெட்டியோடு இணைத்திருந்தான். அந்தச் சிம்மின் இணையத்திலேயே அதில் கோயம்புத்தூர் இஞ்சினியர் கோபிநாத்தின் குரல் வந்தது. அவரும் அதே திரையை அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டி கிளவுடில் ஏறியது. முதல் ஹார்ட் பீட் போனது. அந்த நேரத்தில் திரையில் RING என்று ஒரு வரி விழுந்தது. அதன் கீழே இன்னொரு RING. இன்னும் சில.

"ஏதோ கால் வருதுங்க. முக்கியமானதுங்களா?" என்றார் கோபிநாத்.

முத்துக்கண்ணன் சிரித்தான். "எங்க அக்கா சார். சாப்பிட்டாச்சுன்னு சொல்லுது. இது எங்க அக்காவோட ஹார்ட் பீட்."

"நல்லா நீளமா அடிக்குதுங்களே."

"வயிறு நெறையச் சாப்பிட்டுருக்கும் சார்."

இருவரும் சிரித்தார்கள். தகவல் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் RING. கால் வந்தபோதெல்லாம் இணைப்பு தடுக்கி நின்றது. முதலாளியின் போனில் மில் பாதியோடு உறைந்துவிட்டதாம். மேனேஜர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு கையைப் பிசைந்தார்.

"முதல்ல அடிச்சது சோத்துக்கு. இது மோருக்கா இருக்கும் சார்" என்றான் முத்துக்கண்ணன்.

மூன்றாவது முறை வந்தபோது கோபிநாத் கேட்டார். "கால் மட்டும் வராத மாதிரி பண்ணிடலாங்களா? டேட்டா தடையில்லாம போகும்."

"பண்ணிருங்க சார்."

அதன் பிறகு RING வரவில்லை. மேனேஜரின் முகம் தெளிந்தது. சென்னையிலிருந்து முதலாளி 'சபாஷ்' என்று அனுப்பியதை அவர் எல்லோரிடமும் காட்டினார். கம்பெனி சிம் உயிர் பெறும் வரை, இரண்டொரு நாள், அவன் சிம் பெட்டியிலேயே இருக்கட்டும் என்றார்கள். சரி என்றுவிட்டான்.

போன் இல்லாத இரண்டு நாளும் அக்கா பயந்துபோவாளே என்று, நேரில் சொல்லிவிட்டுப் போகத்தான் கொத்தமங்கலத்துக்கு வண்டியைத் திருப்பினான். மில்லிலிருந்து அந்த வீட்டுக்கு, ஊற்றி வைத்த டீ ஆறுவதற்குள் போய்விடலாம். வழியில் அவளுக்குப் பிடிக்கும் என்று வெள்ளரிப்பிஞ்சு வாங்கினான். பின்கட்டுக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, களைத்துப்போய் உட்கார்ந்திருக்கிற மாதிரிதான் இருந்தாள். "ஏக்கா" என்றான். இன்னும் ஒரு தடவை சொன்னான். கையைத் தொட்ட பிறகு அவன் போட்ட சத்தம், பூட்டிக்கிடந்த வீடுகளைத் தாண்டி மெயின் ரோட்டு டீக்கடை வரை கேட்டிருக்கிறது.

அடுப்பில் இருந்த சோறு பாதி வெந்திருந்தது. கேஸ் தீர்ந்துபோயிருந்தது. சோறு வெந்துவிடும் என்ற நம்பிக்கையில் முன்கூட்டியே ஊசி போட்டிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் பாவம், மெதுவாகத்தான் சொன்னார். சாப்பிடாததால் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கியிருக்கும், கை கால் நடுங்கியிருக்கும், எழுந்து வெளியே போகவும் தோன்றியிருக்காது, பக்கத்தில் யாராவது இருந்து ஒரு கை சீனியை வாயில் போட்டிருந்தால்கூட என்று தொடங்கியவர், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அவள் விரல்களைப் பிரித்துத்தான் போனை எடுக்க வேண்டியிருந்தது. அவள் கூப்பிட்டவர்களின் வரிசையில் ஒரே பேர்தான், திரை கொள்ளாமல் திரும்பத் திரும்ப இருந்தது. தம்பி. தம்பி. தம்பி. கட் பண்ணவேயில்லை. முதல் மூன்றும் அடித்து அடித்துத் தானாக ஓய்ந்தவை, அதன் பிறகு போட்டவை போய்ச் சேரவேயில்லை. அவளுக்குத் தெரிந்தது அந்த ஒன்றாம் நம்பர் மட்டும்தான். உடம்பு நடுங்க நடுங்க அதையேதான் அமுக்கிப் பிடித்திருக்கிறாள்.

துக்கம் விசாரிக்கத் துஷ்டிக்கு வந்தவர்களில் யாரோ ஒருத்தி, "தம்பிக்குப் போன் போட்டுருக்காளே, நீ எடுக்கலையாப்பா?" என்று கேட்டாள். "டவர் இல்ல" என்றான். சத்தியப்பிரியாவிடமும் அதையேதான் சொன்னான். அவள் நம்பினாள். நம்பியது அவனுக்கு இன்னும் கொடுமையாக இருந்தது. சென்னையிலிருந்து ஆச்சி வந்து, அழகி மாதிரி ஒரு பிள்ளை கிடைக்காது என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். வீட்டுச் சாவியை ஒப்படைத்தபோது, "இனிமே யாரு வெளக்குப் போடுவா?" என்று கேட்டார்கள்.

கருமாதி முடிந்து அவன் வேலைக்குத் திரும்பியது தேவகோட்டைப் பக்கம் ஒரு ரைஸ் மில்லுக்கு. சிம் பழையபடி அவன் போனில்தான் இருந்தது. பெட்டியை மாட்டி, வயர் கொடுத்து, கடிகாரத்தைச் சரி பண்ணி, லேப்டாப்பைத் திறந்தான். அந்தப் பக்கம் கோபிநாத். அவருக்கு விஷயம் தெரியும். ஊரில் யாருக்கும் தெரியாதது அவருக்கு மட்டும் தெரியும். நெடுநேரம் வேலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நான்தானுங்க காலை நிறுத்தினது" என்றார் திடீரென்று.

"நான் சொல்லித்தானே சார் செஞ்சீக."

கோபிநாத் அடுத்த வேலைக்கு வந்தார். "ஹார்ட் பீட் வராம போனா அலாரம் அடிக்கணும், அதே பழைய ரூல்தானுங்களே?"

"வராமப் போனா மட்டும் இல்ல சார்."

"வேற எப்போங்க?"

"ஒன்னு வரவேண்டிய எடத்துல ரெண்டு வந்தாலும் அடிக்கணும். வந்துருச்சு வந்துருச்சுன்னு சும்மா இருந்துறக் கூடாது. என்னன்னு கேக்கணும்."

அப்படி ஒரு ரூல் உலகத்தில் எந்த மில்லிலும் கிடையாது. கோபிநாத் அதைச் சொல்லவில்லை. "எழுதிடறேனுங்க" என்றார். விசைப்பலகைச் சத்தம் கேட்டது.

பெட்டி கிளவுடில் ஏறியது. மத்தியானம் ஆனதும் மில் ஆட்களோடு முத்துக்கண்ணனும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சத்தியப்பிரியா கட்டிக்கொடுத்த டிபன் பாக்ஸைத் திறந்தான். சட்டைப் பையில் துடிப்பு வருகிறதா என்று கொஞ்ச நேரம் காத்திருந்தான். காத்திருக்கிறோம் என்பதே பிறகுதான் அவனுக்கு உறைத்தது. சோற்றை அள்ளி அள்ளி வைத்து எப்படியோ சாப்பிட்டு முடித்தான். கையைக் கழுவி, வேட்டியில் துடைத்துக்கொண்டு, போனை எடுத்தான். அக்கா நம்பருக்கு ஒரே ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணினான்.