கட்டையில் வலம், தாளில் இடம்

பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத வெட்கமாக இருக்கிறது. வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அதைவிடப் பெரிய தயக்கம் ஒன்றும் உண்டு. நாங்கள் பேச்சிப்பாறைக்கு மேலே மலையில் இருக்கும் காணிக்காரப் பழங்குடியினர். யானை என்ற பெயரை எங்கள் வீட்டில் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் கூப்பிட்டது போலாகிவிடும். பெரியவர் என்போம். இங்கே ஒருமுறை எழுதிவிட்டேன், இனி எழுத மாட்டேன்.

நாகர்கோவிலில் மரக்கட்டை அச்சு ஓவியம் கற்றுத் தரும் வகுப்பில் சேர்ந்தேன். ஆசிரியை என்னைவிட இளையவர். பலகையில் வரைந்து, வேண்டாத இடத்தை உளியால் எடுத்து, மை தடவி, தாளை வைத்துக் கரண்டி முதுகால் தேய்க்க வேண்டும்.

முதல் பலகையில் பெரியவரைச் செதுக்கினேன். அந்த வாரம் அவர் ரப்பர் தோட்டத்தில் இறங்கியிருந்தார். என் வீட்டுக்காரர் விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டப் போவது அங்கேதான். எங்கள் வாசலில் நின்று வெளியே பார்த்தால் வலப்பக்கம் காடு, இடப்பக்கம் தோட்டம். அதனால் பெரியவர் வலப்பக்கம் நடப்பதாகச் செதுக்கினேன். காட்டுக்கே போய்விடட்டும் என்றுதான்.

தாளை உரித்துப் பார்த்தேன். பெரியவர் இடப்பக்கம் திரும்பி நடந்துகொண்டிருந்தார்.

அச்சில் எல்லாம் திரும்பித்தான் விழும், முன்பே சொன்னேனே அக்கா என்றார் ஆசிரியை. சொல்லியிருந்தார். எழுத்துக்கு மட்டும்தான் அது என்று நினைத்துவிட்டேன். தாளைக் கிழிக்கவும் பயமாக இருந்தது. சுருட்டி மடியில் வைத்தபடி பேருந்தில் வந்தேன். ஒவ்வொரு வளைவிலும் நானே அவரை ஊருக்குக் கூட்டிவருவது போலிருந்தது.

வீட்டுக்காரரிடம் காட்டினேன்.

"ஏட்டி, ஒனக்க பெரியவருக்குக் கொம்பு சின்னதாப் போச்சே."

நாளைக்குப் போகவேண்டாம் என்றேன்.

"போவாம இருந்தா மரம் தானா பால் தருமா?"

சிரித்தவர், நான் விஷயத்தைச் சொன்னதும் நிறுத்தினார். தாளை வாங்கி வாசல் சுவரின் உட்பக்கம் பிடித்துப் பார்த்தார். பெரியவர் தோட்டத்தை நோக்கி நடந்தார். பிறகு எதிரே பின்சுவருக்குக் கொண்டுபோய்ப் பிடித்தார். அதே தாள்தான்.

"இப்பம் எங்க போறாரு?"

காட்டுக்கு.

சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினோம். ஒரு மூலை பிரிந்துகொண்டே இருந்தது. நான் அழுத்திவிட்டு வந்த பிறகு, அவரும் எழுந்து போய் ஒருமுறை அழுத்தினார்.

மறுநாள் அவர் பால்வெட்டப் போனார். வழியில் பெரியவர் போட்ட சாணப் பிண்டம் கிடந்ததாம், சூடு ஆறியிருந்ததாம். வந்து கஞ்சி குடித்தார்.