துணி அறை ஆர்க்கெஸ்ட்ராவும் ஒப்புகை அட்டையும்

வந்த தபால் எதுவானாலும் அன்றைக்கே பதிவேட்டில் ஏற்றி, உரியவர் பார்வைக்கு வைக்க வேண்டும். இதுதான் விதி. பதிவுத்துறையில் முப்பத்துநான்கு வருடம் இதைக் காப்பாற்றியவன் நான். ஒரு கடிதத்தை மூன்று நாள் இழுப்பறையில் வைத்திருந்த உதவியாளருக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுத்திருக்கிறேன். அதே நான், டெக்சாஸில், பிளானோவில், மகள் வீட்டு மாடியறையில், மாப்பிள்ளையின் பார்சல் ஒன்றைப் பதினெட்டு நாள் என் சூட்கேஸில் வேட்டிகளுக்கு அடியில் வைத்திருந்தேன்.

மாப்பிள்ளை வாரநாட்களில் சாஃப்ட்வேர் எழுதுவார். சனி, ஞாயிறுகளில் துணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். முதல் மாதம் எனக்கு இது சரியாகப் படவில்லை. மகளிடம் கேட்டேன். பாட்டு ரெக்கார்ட் பண்ணுகிறாராம். துணிகள் எதிரொலியை உறிஞ்சிவிடுமாம். அவளுடைய பட்டுப்புடவைகளுக்கும் குளிர்கோட்டுகளுக்கும் நடுவில் ஒரு மைக், ஒரு வயலின், வாடகைக்கு எடுத்த, பெரிய வயலின்போல் ஒரு செல்லோ. ஒரே வயலினைப் பன்னிரண்டு முறை வாசித்து, கம்ப்யூட்டரில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றினால் பன்னிரண்டு பேர் வாசிப்பதுபோல் கேட்கும். ஒரே ஆள் பன்னிரண்டு கையெழுத்துப் போடுவதற்கு எங்கள் துறையில் வேறு பெயர்.

ஏசி இரைச்சல் மைக்கில் விழும் என்று அதையும் அணைத்துவிடுவார்கள். ஆகஸ்ட் மாதம், வெளியே நெருப்பு. "பத்து நிமிஷம்தாம்ப்பா" என்பாள் மகள். என் கடிகாரப்படி ஐம்பத்திரண்டு.

பாட்டுகள் எல்லாம் ஆங்கிலம், அவரே எழுதியவை. ஒன்றில் ஒரு பெண் டோல்வேயில் எக்ஸிட்டைத் தவறவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறாள்.

"யாரும்மா அது?" என்று மகளிடம் தனியாகக் கேட்டேன்.

"நான்தாம்ப்பா. கோயிலுக்குக் கிளம்பி ஏர்போர்ட் போயிட்டேன்ல, அன்னிக்கு."

நான் நம்பவில்லை.

இரண்டு வருடத்தில் பத்துப் பாட்டுகள் சேர்ந்தன. நியூ ஜெர்சியில் ஒருவர், வீட்டில் இருந்தபடியே, இந்த மாதிரி ஆட்களின் சிடிகளை வெளியிடுகிறவர், இன்டர்நெட்டில் ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு முழுவதையும் சிடியில் அனுப்பச் சொன்னார்.

"பிடிச்சா ரிலீஸ் பண்றேன்னு சொல்லியிருக்கார் மாமா. பிடிக்கலைன்னா செல்லோவைத் திருப்பிக் குடுத்துட்டு, இதோட நிறுத்திக்கப் போறேன்" என்றார் மாப்பிள்ளை.

"அக்ரிமென்ட்?"

"இல்ல மாமா. ஈமெயில்தான்."

"ஆளைப் பார்த்திருக்கீங்களா?"

"இல்ல."

முகம் தெரியாத ஒருவனுக்கு இரண்டு வருட உழைப்பைச் சாதாரண உறையில் ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பப் போகிறார்! "கொடுங்க மாப்பிள்ளை, தபால் விஷயத்தை நான் பார்த்துக்கறேன்" என்றேன். பெறுபவர் தானே கையெழுத்திட்டு வாங்க வேண்டும், அந்தக் கையெழுத்து ஒப்புகை அட்டையில் நமக்குத் திரும்பி வர வேண்டும் என்ற வகையில் அனுப்பினேன். அனுப்புநர் இடத்தில் என் பெயரையும் முழுப் பதவியையும் எழுதினேன். ஒரு கனம் இருக்கட்டும் என்றுதான்.

மூன்று வாரம் கழித்துப் பார்சலே திரும்பி வந்தது. யாரும் வாங்க வரவில்லை என்று மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. வீட்டில் நான் மட்டும். கையெழுத்துப் போடப் பயப்படுகிறான் என்றால் திருடன்தான், நான் நினைத்தது சரி என்று தோன்றியது. தப்பு என்னுடையதாக இருக்குமோ என்ற எண்ணம் மத்தியானம் வந்தது. சாயங்காலம் சொல்லலாம் என்று பார்சலை மாடிக்குக் கொண்டுபோனேன். சாயங்காலம், நாளைக்குச் சொல்லலாம் என்று தோன்றியது.

"லெட்டர் ஏதாவது வந்துச்சா மாமா?" தினமும் ஷூவைக் கழற்றும்போதே கேட்பார்.

"ஒண்ணுமில்ல மாப்பிள்ளை."

அந்த ஆளிடம் விசாரிக்கவும் மாட்டார். அவசரப்படுத்தினால் மரியாதை இல்லையாம். மூன்றாவது வாரம் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். அந்தச் சனிக்கிழமை, மைக் நின்ற இடத்தில் மகள் கோட்டுகளை மாட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மாப்பிள்ளை காரின் பின்சீட்டில் செல்லோவைச் சாய்த்து, அதற்கு சீட் பெல்ட் போட்டுக்கொண்டிருந்தார்.

பார்சலை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

"இது எப்ப மாமா வந்துச்சு?"

"பதினெட்டு நாள் ஆச்சு."

மாப்பிள்ளை வாங்கிக்கொண்டார். உறையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பின்னாலேயே வந்த மகள்தான் பிடித்துக்கொண்டாள்.

"உங்க ஆபீஸ்ல ஒருத்தர் இப்படிப் பண்ணியிருந்தா என்னப்பா செஞ்சிருப்பீங்க?"

"பதினேழு பி சார்ஜ் மெமோ. வேலையே போயிருக்கும்."

"அப்ப உங்களுக்கு?"

மாப்பிள்ளை உறையைக் காட்டினார். "மாமா, ஃப்ரம் அட்ரஸ்ல என்ன இது, இன்ஸ்பெக்டர் ஜெனரல்னு?"

"அசிஸ்டன்ட் இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆஃப் ரெஜிஸ்ட்ரேஷன். ஓய்வு."

"ரெண்டு வருஷம் மாமா" என்று மட்டும் சொன்னார். பிறகு சீட் பெல்ட்டைக் கழற்றி, செல்லோவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். கோபமாக இருந்தாலும் அந்தக் கழுத்தைப் பதமாகத்தான் பிடித்திருந்தார்.

இந்த முறை அவர் பெயரிலேயே, வெறும் ஸ்டாம்ப் ஒட்டிப் போனது. தாமதத்துக்கு நானே பொறுப்பு என்று ஒரு பக்கம் எழுதி, உள்ளே வைக்க அனுமதி கேட்டேன். மாப்பிள்ளை இரண்டு முறை படித்துவிட்டு, ஒரு வரியை மட்டும் அடித்தார். பதவி.

பதில் கடிதமாகவே வந்தது. நான் பிரிக்கவில்லை. அந்த நிமிடமே அவர் ஆபீசுக்கு போன் செய்தேன். சாப்பாட்டு நேரத்தில் காரை ஓட்டிக்கொண்டு வந்து, நின்றபடியே படித்தார், பிறகு என்னிடம் நீட்டினார். 'இன்ஸ்பெக்டர் ஜெனரல்' என்று தபால் சீட்டில் பார்த்ததும் வரித்துறை என்று பயந்து, அந்த மனிதர் தபால் ஆபீஸ் பக்கமே போகவில்லையாம். பத்துப் பாட்டும் பிடித்திருக்கிறது, வெளியிடுகிறேன், நான்காவது பாட்டில் செல்லோவை மட்டும் இன்னொரு முறை வாசித்து அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார். கீழே நீல மையில் கையெழுத்து. ஒழுங்கான கையெழுத்துதான்.

மாப்பிள்ளை ஏசியை அணைக்கப் போனார். உறையின் மூலையில், பழைய வழக்கப்படி, வந்த தேதியைக் குறித்தேன்: 14.3.2007.