டிரையருக்கு வைத்த சந்தனம்

காலை ஆறு நாற்பது. டிரையரின் கண்ணாடிக் கதவுக்குள் என் மனைவி கவிதாவின் வெள்ளைச் சீருடை ஈரமாகவே கிடந்தது. விளக்கு எரிந்தது, மெஷின் சுழலவில்லை. செம்பாக்கத்தில் விடாத மழை. ஆறு ஆண்டுகள் வீட்டில் இருந்துவிட்டு, அன்றுதான் அவள் மீண்டும் நர்ஸாக வேலையில் சேர வேண்டும். சீருடை அது ஒன்றுதான்.

பிளக்கை மாற்றிச் செருகினேன். பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தேன். பொறுக்க முடியாமல் கவிதா எதிர்வீட்டு மணியை அடித்தாள். போன வாரம் குடிவந்த பெண்மணி, பெயர்கூடத் தெரியாது. மாவுக் கையைத் துடைத்தபடி வந்தார்.

"கதவை மூடுங்க சார்."

மூடினேன்.

"டிக்குனு சத்தமே வரலையே. கதவு பூட்டலைன்னா சுத்தாது."

பிளக்கைக் கழற்றச் சொல்லிவிட்டு, கதவின் கொக்கி நுழையும் துளையைப் பார்த்தார். ஆயுத பூஜைக்கு நான் அப்பிய சந்தனம் அதில் கல்லாக இறுகியிருந்தது. பூஜைக்குப் பிறகு மெஷினை அன்றுதான் போட்டோம்.

"இன்னா சார், பொட்டு வெச்சீங்களா, அபிஷேகமே பண்ணீங்களா?"

தலையிலிருந்த ஹேர்பின்னை உருவிச் சுரண்டினார். தூள் உள்ளேயும் உதிர்ந்தது. கதவு டிக்கென்று மூடியது; பிளக்கைச் செருகிப் பொத்தானை அழுத்தினேன், மெஷின் சுழன்றது.

"ரொம்ப தேங்க்ஸ்க்கா" என்ற கவிதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அழுவாத, போய் சாப்பிடு. மழைல பஸ்ஸு லேட்டாவும்."

அவர் பெயர் ஸ்டெல்லா என்பதை, மாலையில் இருவரும் நன்றி சொல்லப் போனபோதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கவிதாவின் சீருடையில் அப்போதும் சந்தனம் மணத்தது.