கிழிந்த குடை

கடைத்தெரு முனையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் அவருக்குப் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. ஊர் அதை வாபஸ் வாங்கிக்கொண்டு ‘ஸ்மூத்து’ என்று வைத்துவிட்டது.

ஸ்மூத்து யார் முகத்தையும் முகமாகப் பார்ப்பதில்லை. மேடு, பள்ளம், நிழல், அவ்வளவுதான். எதிரில் ஒருவர் தன் கஷ்டத்தைச் சொல்லிக் கண் கலங்கினாலும் இவர் பார்வை அவர் மூக்கோரம் போய் நிற்கும். அங்கே நிழல் கொஞ்சம் கடுமை, லேசாகத் தூக்கிவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்வார்.

இந்தத் திறமைக்கு மூலகாரணம் ஒரு குடை. வெளிச்சம் முகத்தில் அறையாமல் இருக்க, ஸ்டுடியோ விளக்கின் முன்னால் வெள்ளைக் குடை ஒன்றை மாட்டியிருப்பார்கள். அவருடையது கிழிந்து வருடக்கணக்காகிறது. கிழிசல் வழியாக வெளிச்சம் நேராகப் பாய்ந்து, உட்காருகிறவரின் பாதி முகத்தைக் கறுப்பாக்கிவிடும். வேறொருவராக இருந்தால் புதுக் குடை வாங்கியிருப்பார். ஸ்மூத்து கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டார். படத்தின் மேல் கண்ணாடித்தாள் விரித்த மாதிரி ஒரு லேயர். அதில் மெல்லிய பிரஷால், நிழல் விழுந்த இடத்தில் மட்டும் வெளிச்சத்தைத் தடவித் தடவி ஏற்றுவார். அந்தக் கடைக்குப் போனவர்கள் எல்லாரும் சோப்புப் போட்டுக் கழுவிய தட்டு மாதிரி வெளியே வந்தார்கள். யாரும் குறை சொன்னதில்லை. என் படம் என்னைவிட நன்றாக இருக்கிறது என்று சண்டைக்கு வர எந்த ஊரிலும் ஆள் கிடையாது.

ஒரே ஒருவர் இருந்தார். அவர் மனைவி.

அந்த அம்மாள் ஒரு பிரெட் கம்பெனியில் அடுப்புப் பிரிவு சூப்பர்வைசர். ஊர் படுக்கப் போகும்போது வேலைக்குப் போய், ஊர் பல் தேய்க்கும்போது திரும்புகிறவர். இந்த ஆண்டின் சிறந்த ஊழியர் என்று அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். வாசலில் பெரிய படம், மேடையில் முதலாளி கையால் கேடயம்.

“போட்டோ எடுக்க ஆள் அனுப்பறேன்னாங்க. எங்க வீட்லயே ஒருத்தர் இருக்காருன்னு பெருமையா சொல்லிட்டு வந்துட்டேன்” என்றார்.

வேலை முடிந்து வந்த காலையிலேயே அவரை ஸ்டூலில் உட்காரவைத்து எடுத்தாயிற்று. எந்த வாடிக்கையாளருக்கும் உழைக்காத உழைப்பை ஸ்மூத்து அந்தப் படத்துக்கு உழைத்தார். மூக்கோரம், தாடைக்கடியில், கண்ணுக்குக் கீழே. காதல் என்றும் சொல்லலாம், கைப்பழக்கம் என்றும் சொல்லலாம். மவுஸுக்கு வித்தியாசம் தெரியாது. மனைவிக்குக் காட்டாமலே கம்பெனிக்கு அனுப்பிவைத்தார். ஆச்சரியப்படுத்தவாம்.

விழா அன்று கம்பெனி வாசலிலேயே மைத்துனன் நின்றுவிட்டான்.

“மாமா, யாரு இந்தப் பொண்ணு? புது விளம்பரமா?”

“உங்க அக்காடா.”

“எந்த அக்கா? எனக்கு ஒரே அக்காதான?”

ஸ்மூத்து சிரித்தார். பாராட்டு என்று நினைத்துவிட்டார் மனிதர்.

மேடையில் பெயரைக் கூப்பிட்டார்கள். மனைவி ஏறினார். முதலாளி பின்னால் திரையில் தெரிந்த படத்தைப் பார்த்தார், எதிரில் நின்றவரைப் பார்த்தார். மைக் வேலை செய்துகொண்டிருந்தது.

“அவங்க வரலையாம்மா? நீங்க அவங்க அக்காவா?”

கூடம் சிரித்தது. “நான்தான் சார்” என்றார் அவர். கூடம் இன்னொரு முறை சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, அதனால்தான் இன்னும் மோசம். ஸ்மூத்து தன் செருப்பை முதல் தடவை பார்ப்பவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாமா, கை தட்டுங்க.”

“தட்டறேன்டா.” வேர்த்த கைகள் ஒட்டிக்கொண்டன, சத்தம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேடயத்தை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தார். எழுத்து சுவரைப் பார்த்தது.

“கோவமா?”

“இல்லீங்க. என் மூஞ்சில எங்கெங்க அழிச்சீங்க?”

“அழிக்கல. குடை கிழிஞ்சிருக்குல்ல, நிழல் கொஞ்சம் கடுசா...”

“கண்ணுக்குக் கீழ இருக்கறதும் குடை கிழிஞ்சதாலதானா?”

ஸ்மூத்து போய்க் கேடயத்தை எழுத்து தெரியும்படி திருப்பி வைத்தார்.

“அது ராத்திரி வேலைல வந்தது. அதுக்குத்தாங்க பரிசே குடுத்தாங்க. கஸ்டமருக்குச் செய்யறீங்க, சரி. இது நீங்க தினம் பாக்கற மூஞ்சி. இதுல இவ்வளவு திருத்தம் பாக்கி இருக்குன்னு எத்தன வருஷமா நெனச்சிட்டிருந்தீங்க?”

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. அன்று முழுக்க மனைவியின் முகம் பார்த்து அவர் பேசவில்லை. பார்த்தால் நிழல்தான் கண்ணில் படும் என்று பயம்.

மறுநாள் காலை, மாவு ஒட்டிய ஏப்ரனோடு மனைவி நேராக ஸ்டுடியோவுக்கு வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

“எல்லாத்தையும் எடுங்க.”

ஸ்மூத்து ஒவ்வொரு லேயராக அணைத்தார். கண்ணுக்குக் கீழே இருந்த கருமை திரும்ப வந்தது. வாயோரக் கோடு வந்தது. கடைசியில் வலப்பக்கம் முழுக்க இருண்டது.

“இந்தப் பக்கம் ஏன் இப்படிக் கறுப்பா இருக்கு?”

“அது... குடை.”

“அப்ப அது உங்க தப்பு. அத மட்டும் சரி பண்ணுங்க. மத்தது என்னோடது, தொடாதீங்க.”

அந்த ஒரு லேயரை மட்டும் போட்டார். அத்தனை வருடத் தொழிலில், எது வெளிச்சத்தின் குற்றம், எது முகத்தின் சொத்து என்று அவர் பிரித்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

புதுப் படத்தை எடுத்துக்கொண்டு ஸ்மூத்து தானே கம்பெனிக்குப் போனார். பழையதைக் கழற்றி இதை மாட்டியதும் வாட்ச்மேன் எழுந்து வந்தார்.

“அட, நம்ம சூப்பர்வைசரம்மா! நேத்து மாட்டியிருந்தத எடுத்தவன் எவன் சார்? கண்ணு தெரியாதா அவனுக்கு?”

ஸ்மூத்து ஆணியையே பார்த்தபடி, “யாரோ, தெரியலீங்க” என்றார்.

“சரி, அந்தப் படம் வேணாம்னா குடுத்துட்டுப் போங்க. கேபின்ல மாட்டிக்கறேன். யாருன்னு தெரியலன்னாலும் பொண்ணு அழகா இருக்கு.”

என் பெண்டாட்டி என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால், எடுத்தது யார் என்பதும் தெரிந்துவிடும். ஸ்மூத்து படத்தைத் திருப்பி, முகம் தன் சட்டையோடு ஒட்டும்படி அணைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார்.

“கேட்டதுக்கு இவ்வளவு கோவமா சார்?” என்று வாட்ச்மேன் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.