திட்டுவதற்கு ஒரு முகம்

துணி மாற்ற ஒரு சோபா கடைக்குள் வந்து இறங்கியதும் அவள் வாடிக்கையாளரை உட்காரச் சொல்ல மாட்டாள். துணி மாதிரிகளை எடுத்துக் காட்டவும் மாட்டாள். வளையல்களை முழங்கைக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, இருக்கைக்கும் முதுகுச் சாய்வுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் கையை விடுவாள். கை தோள் வரைக்கும் உள்ளே போகும். கண் மட்டும் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். சீப்பு, பேனா மூடி, ஒற்றைக் கம்மல், கல்லாகிப்போன பிஸ்கட் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். சோபாவின் உரிமையாளர் ஆசைப்பட்டுக் குனிந்தால் புறங்கையால் தள்ளிவிடுவாள். யார் வீட்டுச் சோபாவாக இருந்தாலும் இடுக்குக்குள் முதலில் போவது அவள் கைதான். "கெடச்சதெல்லாம் உங்களோடது. கெடைக்காதது என்னோடது" என்று சொல்லி எல்லாவற்றையும் அவர்களிடமே கொடுத்துவிடுவாள். புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். விஷயம் தெரிந்தவர்கள் சிரிப்பதில்லை.

அந்தத் தெருவில் அவளுக்கு சோபாக்கா என்று பெயர். பழைய சோபாவின் துணியை உரித்து, ஸ்பிரிங்கைச் சரிபார்த்து, ஃபோம் மாற்றி, புதுத் துணியை இழுத்து ஆணி அடிப்பது தொழில். சின்ன ஆணிகளை உதட்டில் கவ்விக்கொண்டே ஊர்க்கதை அத்தனையும் பேசுவாள். ஓர் ஆணிகூட விழாது. கோபம் வந்தால் மட்டும் ஆணிகளைத் துப்பிவிட்டு ஆரம்பிப்பாள். ஆகவே கடைத் தரையில் ஆணி கிடந்தால், இன்றைக்கு யாரோ வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

முன்பு ஆணி அடித்தவன் அவள் தம்பி. அவள் தைப்பாள், அவன் அடிப்பான், முடிந்ததை அவனே வேனில் ஏற்றிப் போய் இறக்கிவிட்டு வருவான். சில வருஷங்களுக்கு முன் அப்படிப் போனவன் திரும்பவில்லை. பாதி வழியில் வேன் பின்கதவு திறந்தபடி நின்றது. உள்ளே, கொடுக்க வேண்டிய சோபாவுக்குப் பக்கத்தில், தலையில் அடிபட்டுச் செத்துக் கிடந்தான். பர்ஸ் இருந்தது, போன் இருந்தது. அவனுடைய சுத்தியல் மட்டும் இல்லை. முனையில் காந்தம் வைத்த, ஆணியைத் தானே தூக்கிக்கொள்ளும் சின்னச் சுத்தியல். யார் அடித்தார்கள், எதற்கு அடித்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. இன்ஸ்பெக்டர்கள் மாறினார்கள். "அவருக்கு விரோதி யாராவது உண்டாம்மா?" என்ற கேள்வி மட்டும் மாறவில்லை.

அந்தச் சுத்தியலைத்தான் தேடுகிறாள். கொன்றவன் அதை ஒரு சோபா இடுக்கில் செருகி, அந்தச் சோபாவை அவளிடமே துணி மாற்ற அனுப்பி வைப்பானா என்று கேட்டால் அவளுக்கே சிரிப்பு வரும். "புத்திக்குத் தெரியுதுங்க. கை கேக்க மாட்டேங்குது" என்பாள்.

வேனில் இருந்த சோபா சாட்சிப் பொருளாக இன்னும் ஸ்டேஷன் பின்சுவரோரம் கிடக்கிறது. விசாரிக்கப் போகும்போதெல்லாம் அதையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவாள். "சார், வெயில்ல போடாதீங்க சார். நல்ல துணி, வெளுத்துடும்." அவள் தலை தெரிந்ததுமே இரண்டு காவலர்கள் ஓடிப்போய் அதை நிழலுக்கு இழுத்துவிடுவார்கள். அந்த வழக்கில் அசைகிற ஒரே பொருள் அதுதான்.

அவளிடம் ஒரு குணம் உண்டு. மறைக்கவும் மாட்டாள். வயிற்றெரிச்சல். அடுத்தவர் நகையும் வீடும் அவளை ஒன்றும் செய்யாது. பக்கத்து வீட்டில் திருடுபோன பைக் கிடைத்துவிட்டால் பொறுக்காது. "பைக்குக்கெல்லாம் கெடைக்குது" என்று முனகுவாள். காணாமல்போன பூனை தானாகத் திரும்பி வந்ததற்காகப் பூனைக்காரியோடு பேச்சை நிறுத்தியிருக்கிறாள். யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாகப் போய் நின்று வேலையெல்லாம் இழுத்துப்போட்டுச் செய்வாள். வெளியே வந்ததும் ஒரு பெருமூச்சு. "குடுத்து வெச்சவங்க. இன்ன நோயில போனாருன்னு டாக்டரே சொல்லிட்டாரு."

தேடுவதில் அப்பா அவளுக்கும் ஒரு படி மேல். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, போகிற வருகிறவர்களின் முகத்தை விட்டுவிட்டுக் கையைப் பார்ப்பார். சந்தேகத்தை ஒரே ஆள்மேல் வெகுநாள் வைத்திருக்க மாட்டார். ஃபோம் விற்பவர்மேல் இருந்தது, பிறகு வேன் மெக்கானிக்கிடம் போனது, கொஞ்ச காலம் சொந்த மருமகனிடமும் தங்கியது. "மாப்பிள்ள அன்னிக்கு எதுக்குக் கொடை எடுத்துட்டுப் போனாரு?" அன்றைக்கு மழை என்ற பதில் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. சோபாக்காவின் கணவர் இப்போதும் நனைந்துகொண்டுதான் வேலைக்குப் போகிறார்.

மருந்துக் கடைக்காரம்மா அவளுக்குப் பழக்கமானது ஸ்டேஷன் பெஞ்சில். கடையை மூடிக்கொண்டிருந்த அந்தம்மாவின் கணவரை யாரோ குத்திக் கொன்றுவிட்டு ஓடிவிட்டான். அன்று அவர் கண்ணாடியை வீட்டில் எங்கோ வைத்து மறந்துவிட்டுக் கடைக்குப் போயிருந்தார். "கண்ணாடி போட்டிருந்தா வர்றவன் மூஞ்சியப் பாத்தே உஷாராயிருப்பாருக்கா. வீடு பூரா தேடிட்டேன், அது எங்க போச்சுன்னே தெரியல" என்று பெஞ்சில் உட்கார்ந்து இதையே சொல்லிக்கொண்டிருப்பாள். சோபாக்கா சுத்தியலைச் சொல்வாள், அவள் கண்ணாடியைச் சொல்வாள். ஒரே ஃப்ளாஸ்க் டீயைக் குடித்துக்கொண்டு, ஒரே இன்ஸ்பெக்டரைத் திட்டிக்கொண்டு, கூடப்பிறந்தவர்கள் மாதிரி இருந்தார்கள்.

பிறகு மருந்துக் கடைக்காரம்மாவுக்கு ஆள் கிடைத்துவிட்டான். எதிர்க்கடை கேமராவில் முகம் பளிச்சென்று விழுந்திருந்தது. சோபாக்கா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பொய் அழுகை இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும், "அந்த பெஞ்சுக்கு மொதல்ல வந்தவ நானுப்பா. அவ எனக்கு அப்புறம் வந்தவ" என்றாள். டிக்கெட் வரிசையில் யாரோ முந்திவிட்ட மாதிரி இருந்தது பேச்சு. அன்றிரவு சாப்பிடவும் இல்லை. "அவளுக்குத் திட்றதுக்கு ஒரு மூஞ்சி இருக்கு. நான் செவுத்தப் பாத்துத் திட்டிட்டிருக்கேன்."

துணைக்கு வருவதாகச் சொல்லிக்கொண்டு கோர்ட்டுக்குப் போக ஆரம்பித்தாள். மருந்துக் கடைக்காரம்மா வருவதற்கு முன்பே அப்பாவும் மகளும் முன்வரிசையில் இடம் பிடித்திருப்பார்கள். பிடிபட்டவனை வைத்த கண் வாங்காமல் பார்ப்பாள். ஒரு நாள் அவனை வராந்தா வழியாக அழைத்துக்கொண்டு போனபோது எழுந்தே விட்டாள். "என் தம்பி உனக்கு என்னடா பாவம் பண்ணான்? கல்யாணத்துக்குச் சட்ட தச்சு வெச்சிருந்தான்டா, பாவி!" அப்பா செருப்பைக் கழற்றிவிட்டார். பிடிபட்டவன் மலங்க மலங்க விழித்தான். "சார், இவங்க யாரு? இது எந்தக் கேஸு?" என்று கூட வந்த காவலரைக் கேட்டான். நியாயமான கேள்விதான்.

மருந்துக் கடைக்காரம்மா நடுவில் பாய்ந்தாள். "நிறுத்துங்க! இவன் எங்க வீட்டு ஆளக் கொன்னவன். இவன நாங்கதான் திட்டணும். உங்க ஆள நீங்க தேடிக்குங்க." ஒரு கொலைகாரனுக்காக இரண்டு பெண்கள் உரிமை கொண்டாடியதை அந்த வராந்தா முன்பு பார்த்திருக்காது. சோபாக்கா அப்பாவைக் கைபிடித்து வெளியே கூட்டிவந்தாள். வாசல் படியில் அப்பாவை உட்காரவைத்து, செருப்பைக் காலில் மாட்டிவிட்டாள். "அவ சொல்றது சரிதாம்பா. அவன் நம்மாளு இல்ல" என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்கு அப்படி ஓர் ஏமாற்றம்.

அதோடு பேச்சுவார்த்தை நின்றது. தீர்ப்பு வந்து அவனை ஆயுளுக்கும் உள்ளே வைத்துவிட்டார்கள் என்பதைக்கூட மற்றவர்கள் சொல்லித்தான் கேட்டாள்.

சென்ற வாரம் ஒரு ஆட்டோவிலிருந்து கைவைத்த ஒற்றை சோபா ஒன்று இறங்கியது. பின்னாலேயே மருந்துக் கடைக்காரம்மா. கணவர் உட்கார்ந்து பேப்பர் படித்த சோபா. தலை சாயும் இடத்தில் துணி எண்ணெய்ப் பளபளப்பாக இருந்தது.

"துணி மாத்தணும்."

"என்ன கலர்?"

"எதுவா இருந்தா என்ன."

சோபாக்கா ஆணிகளைக் கவ்வியபடியே அதைச் சுற்றி வந்தாள். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதாமே. கேள்விப்பட்டேன்."

"முடிஞ்சுதுக்கா. ஏன்டா பண்ணேன்னு கேட்டேன். ஏதோ கோவம்னான். அவ்ளோதான்."

"மூஞ்சியாவது தெரிஞ்சுதே."

"தெரிஞ்சு?" என்றாள் மருந்துக் கடைக்காரம்மா. "முன்னெல்லாம் கண்ண மூடினா எம் புருஷன் மூஞ்சி வரும். இப்ப அந்தப் பாவி மூஞ்சிதான் வருது. உனக்கு இன்னும் தம்பி மூஞ்சிதானே வருது? சத்தியமா சொல்றேன்க்கா, உம்மேல எனக்குப் பொறாமையா இருக்கு."

ஆணிகள் கலகலவென்று தரையில் விழுந்தன. அப்பா ஸ்டூலோடு கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டார். ஆனால் சத்தம் ஒன்றும் வரவில்லை. தம்பி போனதிலிருந்து அவளைப் பார்த்து யாரும் பொறாமைப்பட்டதில்லை. வளையல்களை ஏற்றிவிட்டுக்கொண்டு வேலையைப் பார்க்க உட்கார்ந்தாள். இடுக்கில் கை போனது, முழங்கை போனது, தோளும் போனது. கண் சுவரில் இருந்தது.

விரலில் ஒரு மெல்லிய கம்பி தட்டியது. வளைந்த நுனி. அதில் காதுக்கு உறுத்தாமலிருக்க மாட்டிய ரப்பர். இன்னும் தடவினாள், வழவழப்பான வட்டமான கண்ணாடி.

எத்தனை சோபாவில் விட்ட கை. முதல்முறையாக, ஒருத்தி தேடித் தேடி அலுத்த பொருள் அதில் தட்டுகிறது, அதுவும் இவளுடையது. ஆள் கிடைத்தவளுக்கே கண்ணாடியும் கிடைக்கிறது. பற்றிக்கொண்டு எரிந்தது வயிறு. கொஞ்ச நேரம் அந்தக் கம்பியை விடவே முடியவில்லை.

பிறகு கையை வெறுமனே வெளியே எடுத்தாள். வளையல்களை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டாள்.

"என் கைக்கு எட்டல. நீ விட்டுப் பாரு" என்று சொல்லிவிட்டு, சோபாவுக்கு முன்னால் அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து, கீழே கிடந்த ஆணிகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.