வெர்னாவின் புதிய குழல்

வெர்னா ஐந்து முறை சுடுவார். துப்பாக்கியைத் திறந்து மேசைமேல் வைப்பார். சட்டைப்பையிலிருந்து பேனா போன்ற டார்ச்சை எடுத்துக் குழலுக்குள் வெளிச்சம் அடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும் மனம் ஆறாது. பித்தளைக் கம்பியை விட்டு, அது மறுபுறம் வருகிறதா என்று சோதிப்பார். அதற்குள் வரிசையில் நிற்கும் நாங்கள் பதினோரு பேரும் அடுத்த ஐந்து தோட்டாக்களை நிரப்பிவிட்டுக் காத்திருப்போம்.

"நல்லா பாரு வெர்னா, உள்ள எலி கிலி குடியிருக்கப் போகுது" என்பார் யாராவது.

"இருந்தா வாடகை வாங்கிக்கறேன். நீ சும்மா இரு கண்ணு" என்பார், தலையைத் தூக்காமல்.

வெர்னா கோஸ்டெல்னிக்குக்கு அறுபத்தொரு வயது. மேற்குப் பென்சில்வேனியாவில் எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை இருபத்தெட்டு வருடமாக ஓட்டுகிறார். விடியற்காலையில் பேருந்தை ஒரு சுற்று சுற்றி வந்து ஆறு சக்கரத்தையும் காலால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார். குளிர்கால சனிக்கிழமைகளில், பழைய சுரங்கத் தொழிலாளர் சங்கக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கும் எங்கள் சுடுகளத்துக்கு வருவார். முட்டைக்கோஸும் நூடுல்ஸும் வெண்ணெயில் வதக்கி ஒரு பெரிய தட்டில் கொண்டுவருவார். அதைக் கடைசிவரை அவர் தொடுவதில்லை. போட்டி முடியும்வரை வயிறு எதையும் ஏற்காது.

"பஸ்ஸுல அறுபது புள்ளைங்க கத்துது. இங்கதான் எல்லாரும் காதை மூடிக்கிட்டு கம்முனு நிக்கறாங்க. அதுக்காகவே வர்றேன்" என்று முன்பெல்லாம் சொல்வார். இரண்டு வருடமாக அப்படிச் சொல்வதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு நடந்தது இது. எங்களில் பலரைப் போல வெர்னாவும் அப்போது தன் தோட்டாக்களைத் தானே வீட்டில் தயாரித்துக்கொள்வார். சமையலறை மேசையில் உட்கார்ந்து வெடிமருந்து அளந்து போடும்போது தொலைபேசி அடித்திருக்கிறது. எழுந்து போய்ப் பேசிவிட்டு வந்தவர், ஒரு தோட்டாவுக்கு மருந்து போடாமலே குண்டை வைத்து அழுத்திவிட்டார். சனிக்கிழமை, பத்து விநாடிக்குள் ஐந்து முறை சுடும் சுற்றில், அந்தத் தோட்டாவின் முறை வந்தது. 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம்; தோட்டாவின் அடியில் இருக்கும் பொறி மட்டும் வெடித்தது. குண்டு வெளியே போகவில்லை, குழலின் நடுவில் சிக்கி நின்றுவிட்டது. துப்பாக்கி தானாக அடுத்ததை ஏற்றவில்லை. வெர்னா பழக்கத்தில் கையால் இழுத்து ஏற்றி அடுத்ததைச் சுட்டார். குழல் பிளந்தது. கைப்பிடியின் மரத்தகடு சிதறி, அதில் ஒரு சில்லு பக்கத்து இடத்தில் நின்றவனின் கன்னத்தில், கண்ணுக்கு ஓர் அங்குலம் கீழே பாய்ந்தது.

பக்கத்து இடத்தில் நின்றவன் நான்தான்.

எனக்கு நான்கு தையல். அவருடைய கையில் ஒரு கீறல்கூட இல்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பதினாறு மாதம் சுடுகளத்துப் பக்கமே வரவில்லை. கடையில் என்னைப் பார்த்தால் அடுத்த வரிசைக்குள் நுழைந்துகொள்வார். கடைசியில் நானே அவர் வீட்டுக்குப் போய், "நாலு பேர் டீமு, மூணு பேரை வெச்சுக்கிட்டு எப்படி ஆடறது? வா" என்றேன்.

"கண்ணு போயிருந்தா?"

"போகலையே."

"லைல், எனக்குத் தினமும் போவுது."

இருந்தாலும் மறுவாரம் என்னோடு ஹார்லன் டீட்ஸின் பட்டறைக்கு வந்தார். எங்கள் மாவட்டத்தில் பந்தயத் துப்பாக்கிக்கு மாற்றுக் குழல் போட வேண்டுமென்றால் ஹார்லனிடம்தான் போவோம். எங்கள் அணியில் அவரும் ஒருவர். ஒரு துண்டை விரித்து மூன்று குழல்களை வரிசையாக வைத்தார்.

"இது அப்படியே போட்டுக்கலாம், ராவ வேண்டியதில்ல. ஆனா லேசா ஆடும், குறி ஒருநாள் போல ஒருநாள் இருக்காது. இது துருப்பிடிக்காத எஃகு, குறி பிரமாதமா நிக்கும். இந்த மூணாவது கொஞ்சம் கடினமான எஃகு. குறியும் நிக்கும், உன் ஆயுசுக்கும் உழைக்கும். ஆனா உன் துப்பாக்கிக்குன்னே ராவி ராவிப் பொருத்தணும். மூணு வாரம் ஆகும்."

வெர்னா மூன்றையும் தொடவில்லை. கையைக் கோட்டுக்குள்ளேயே வைத்திருந்தார்.

"இதுல எது வெடிச்சா பக்கத்துல நிக்கறவனுக்கு ஒண்ணும் ஆகாது?"

ஹார்லன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"வெர்னா, உள்ள ஒரு குண்டு சிக்கியிருக்கறப்ப இன்னொண்ணைச் சுட்டா தாங்கும்னு எந்தப் பேரலுக்கும் நான் எழுதிக் குடுக்க மாட்டேன். முன்னாடி இருந்ததும் நல்ல பேரல்தான்."

"அப்ப எதுக்கு நான் புதுசு வாங்கறேன்?"

"பழசு ரெண்டா பொளந்துபோச்சு, அதனால."

அத்தனை பயத்திலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்றாவதைக் காட்டினார்.

மூன்று வாரத்தில் ஹார்லன் ஆறு முறை அவரை அழைத்தார். ஒவ்வொரு முறையும் கறுப்பு மை தடவி, எங்கே உரசுகிறது என்று பார்த்து, ஒரு மயிரிழை ராவி, மறுபடி பொருத்தினார். வெர்னா பேருந்துச் சீருடையிலேயே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பார். கடைசியில் துப்பாக்கியை இரும்புப் பிடிப்பானில் பூட்டி ஐம்பது கெஜத்தில் பத்துக் குண்டு சுட்டுப் பார்த்தோம். பத்தும் ஒரு பிஸ்கட் அகலத்துக்குள் விழுந்திருந்தன. ஹார்லன் தாளைத் தூக்கிக் காட்டினார். வெர்னா அதைப் பார்க்கவே இல்லை, குழலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வெடிக்கும் அவர் கண்கள் இறுக மூடியதை நான் எண்ணியிருந்தேன். அதுவும் பத்து.

வீட்டில் தோட்டா தயாரிப்பதை விட்டுவிட்டார். கடையில் வாங்கினார். திரும்பி வந்த முதல் போட்டியில், "வேற இடத்துல போயி நில்லேன்" என்று என்னிடம் கெஞ்சினார். எங்கள் களத்தில் இடத்துக்கும் இடத்துக்கும் நடுவே தடுப்பு கிடையாது. நான் நகரவில்லை. வீரமெல்லாம் இல்லை. என் முதுகும் வியர்த்துத்தான் இருந்தது.

இருபது விநாடிச் சுற்றில் மூன்றாவது குண்டுக்குப் பிறகு நிறுத்தினார். இடது கையைத் தூக்கி, "சத்தம் கம்மியா வந்துச்சு" என்றார். களத்தை நடத்தும் கிளெம் கம்பியை விட்டுப் பார்த்தார். தடையில்லாமல் போயிற்று. வரிசையின் கோடியில் ஒருவர் பெருமூச்சு விட்டது எல்லோருக்கும் கேட்டது.

"காதுக்குள்ள பஞ்சு வெச்சு, மேல மூடியும் போட்டுக்கிட்டு, சத்தம் கம்மின்னா எப்படித் தாயி?" என்றார் அவர்.

வெர்னா அடுத்த ஐந்தை நிரப்பினார். உதடு வெளுத்துப்போயிருந்தது.

பத்து விநாடிச் சுற்று வந்தது. இலக்குத் தாள்கள் எங்கள் பக்கம் திரும்பின. பன்னிரண்டு துப்பாக்கிகளும் ஒன்றாக வெடித்தன. ஒன்று, இரண்டு. திடீரென்று என் பக்கத்தில் அவருடைய இடது கை மேலே போனது. துப்பாக்கியின் முனை இலக்கை விட்டு நகரவில்லை, விரல் மட்டும் விசையிலிருந்து விலகி விறைத்து நின்றது.

"மறுபடியுமா?" என்றது கோடியிலிருந்து குரல்.

கிளெம் வந்தார். துப்பாக்கியை வாங்கித் தோட்டாக்களை எடுத்துவிட்டு, கம்பியை உள்ளே விட்டார். பாதியில் நின்றது. இன்னொரு முறை அழுத்தினார். அசையவில்லை.

"எல்லாரும் துப்பாக்கியைக் கீழ வைங்க" என்றார் கிளெம். அவர் குரல் மெலிந்திருந்தது.

கடைத் தோட்டாதான். அதிலும் ஒன்றில் மருந்து இல்லை. ஹார்லன் மரச்சுத்தியலால் கம்பியைத் தட்ட, குண்டு மேசைமேல் விழுந்து உருண்டது. வெர்னாவின் டார்ச்சை வாங்கிக் குழலுக்குள் வெகுநேரம் பார்த்தார். விரலால் வெளிப்புறம் முழுக்கத் தடவினார்.

"வீக்கம் இல்ல, கீறல் இல்ல. பேரலு சொக்கத்தங்கம்" என்றார். கோடியில் நின்றவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"விதிப்படி இந்தச் சுத்து உனக்கு மறுபடி உண்டு வெர்னா. சுடறியா, போதுமா? போதும்னாலும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார் கிளெம்.

வெர்னா தன் தோட்டாப் பெட்டியை மூடி ஓரமாகத் தள்ளினார். ஹார்லன் தன் பெட்டியை நீட்டினார். வேறு கம்பெனித் தோட்டா. ஐந்தை எடுத்தார். ஒவ்வொன்றையும் காதருகே ஆட்டிப் பார்த்தார், அதில் ஒன்றும் தெரியாது என்று அவருக்கே தெரியும். நிரப்பினார்.

நாங்கள் எல்லோரும் பின்னால் நகர்ந்துகொள்ள, அவர் மட்டும் வரிசையில் நின்றார். எங்கள் பந்தயத்தில் ஒரு கையால்தான் சுட வேண்டும். கிளெம் கட்டளை கொடுத்தார். வெர்னா தன் இடது கையை மெதுவாகக் கால்சட்டைப் பைக்குள் விட்டார். அன்று இரண்டு முறை மேலே போன கை அது. வலது கையை நீட்டினார்.