வீட்டில் இருந்தவர்களைக் கேட்டார்கள்

எங்கள் ஊர் செம்மநத்தத்து மாதம்மாளுக்கு நாற்பத்து மூன்று வயது. ஏற்காட்டில் ஏரிக்குப் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்கிற வேலை. பத்தாவது வரை படித்தவர். தங்கிப் போகிறவர்கள் விட்டுச் செல்லும் செய்தித்தாளை ஊர் திரும்பும் பஸ்ஸில் ஒரு வரி விடாமல் படிப்பார். கடைவீதியில் வேலை பார்க்கும் நானும் அதே பஸ்ஸில்தான் போய்வருகிறேன். ஆனால் நான் தலைப்பைப் பார்த்துவிட்டு மடித்து வைக்கிற ரகம்.

போன கார்த்திகையில் ஒரு செய்தி வந்தது. 'மலைக்கிராமத்தில் பத்துக்கு எட்டுப் பேர் பஸ்ஸில் ஏறுவதில்லை: ஆய்வில் தகவல்.' கிராமம் எங்களுடையது. ஆய்வு செய்தது சேலத்துக் கல்லூரி ஒன்று. செய்தியைப் பார்த்து, காலை ஆறேகால் பஸ்ஸை நிறுத்திவிடலாமா என்று டிப்போவில் பேசிக்கொள்வதாக கண்டக்டர் சொன்னார். அதை விட்டால் பத்தரைக்குத்தான் பஸ். ஏழரைக்கு லாட்ஜில் நிற்காவிட்டால் மாதம்மாளுக்கு வேலை போய்விடும்.

படித்தவர்கள் ஆராய்ந்து சொன்னதை நாம் எப்படி மறுப்பது என்று புலம்பினேன். மாதம்மாள் செய்தியை இரண்டாம் முறை படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏனுங்கண்ணா, உங்களைக் கேட்டாங்களா?"

"இல்லீங்க."

"என்னையும் கேக்கலீங்க. அப்ப யாரைத்தான் கேட்டாங்க?"

பஸ்ஸில் இருந்த அத்தனை பேரிடமும் விசாரித்தார். ஒருவரிடமும் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

ஆய்வு செய்தவர் பெயர் காயத்ரி என்று செய்தியில் இருந்தது. மறுநாள் லாட்ஜ் மேனேஜரிடம் சொல்லிக் கல்லூரி எண்ணைத் தேடி வாங்கி, சாப்பாட்டு நேரத்தில் அந்தக் காயத்ரியையே போனில் பிடித்துவிட்டார். அந்தப் பெண் எதையும் மறைக்கவில்லை, முழு அறிக்கையையும் அனுப்பிவைத்தார். கடைசிப் பக்கத்தில் ஒரு பத்தி இருந்தது. வேலை நாட்களில் பகல் பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை வீடு வீடாகப் போனோம், நூற்றிருபது வீடுகளில் அறுபத்தெட்டு பூட்டியிருந்தன, அவற்றைச் சேர்க்கவில்லை, ஆகவே இந்த முடிவை ஊர் முழுவதற்கும் பொருத்தக்கூடாது. செய்தி எழுதியவர் அந்தப் பக்கம் வரை போகவில்லை. அவரும் என் ரகம்தான் போலிருக்கிறது.

பஸ்ஸில் போனவர்கள் வீடு பூட்டிக் கிடக்க, வீட்டில் இருந்தவர்களிடம் பஸ்ஸில் போவீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்தே வந்தன.

மாதம்மாள் அந்தப் பத்தியை அடிக்கோடிட்டு டிப்போ மேலாளரிடம் நேரில் கொடுத்து, நீங்களே வந்து எண்ணிப் பாருங்கள் என்றார். அவரும் வருகிற புதன்கிழமை வருவதாகச் சொன்னார்.

வார்டு மெம்பர் மாரியப்பனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. புதன்கிழமை ஊரையே திரட்டி பஸ்ஸில் ஏற்றிவிடலாம் என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. ஆள் குறைந்தால் முதலில் உங்கள் வேலைதான் போகும் என்று மாதம்மாளிடம் எடுத்துச் சொன்னேன். அவர் மசியவில்லை.

"போகாதவங்களைக் கேட்டு எழுதுனது தப்புன்னு நானே சொல்லிப்போட்டு, இப்ப போகாதவங்களைக் கொண்டாந்து உக்கார வெக்கறதாங்க? தினம் வர்றவங்க வந்தாப் போதுமுங்க."

மாரியப்பன் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்.

புதன்கிழமை தூறல். மேலாளர் முன்னதாகவே வந்து டீ வாங்கிக் குடித்தார். அவர் குடித்துவிட்டு ஏறுவதற்குள் இருக்கைகள் நிரம்பிவிட்டன. வழியில் நின்ற இடமெல்லாம் ஆள் ஏறியது, தினமும் ஏறுகிற அதே முகங்கள்தான். பாதி வழியில் அறுபத்தொன்று என்று குறித்துக்கொண்டு, இந்த பஸ்ஸை நிறுத்துகிற பேச்சே வேண்டாம் என்று கண்டக்டரிடம் சொன்னார்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கம்பியைப் பிடித்து ஆடிக்கொண்டிருந்த மேலாளருக்கு இடம் கொடுக்க எழுந்தேன். முன் இருக்கையிலிருந்து திரும்பிய மாதம்மாள் கையமர்த்தினார்.

"உக்காருங்கண்ணா. சார் நின்னுக்கிட்டே வரட்டும். உக்காந்துட்டா பின்னாடி நிக்கறவங்க அவரு கண்ணுக்குத் தெரிய மாட்டாங்க."